செய்தலும் இருத்தலும்: தொழில்வழிச் சிகிச்சையின் அறம், திருவண்ணாமலை மரபின் ஒளியில்

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தையும் சைவர்கள் இறைவனின் ஐந்தொழில் என்பார்கள். இங்கே தொழில் என்பது பிழைப்புக்காகப் பார்க்கும் வேலையைக் குறிப்பதில்லை. செயல் என்ற பழைய பொருளையே குறிக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையின் பெயரில் உள்ள தொழிலையும் இந்தப் பொருளில்தான் கொள்ள வேண்டும். பல் துலக்குவது, சேலை கட்டுவது, சோறு பிசைந்து உண்பது, வாசலில் கோலமிடுவது, பேரனைத் தூக்குவது, கோயிலுக்கு நடந்துபோவது என ஒருவரின் நாளை நிறைக்கும் எல்லாமே இந்தத் துறையின் கண்ணில் தொழில்தான். பக்கவாதம், விபத்து, மனநோய், முதுமை, பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் இந்தச் செயல்கள் கைவிட்டுப் போனவருக்கு அவற்றை மீட்டுத் தருவதும், மீட்க முடியாதபோது மாற்றுவழி காட்டுவதும் இதன் பணி.

இந்தப் பணிக்கு அடியில் இரண்டு மெய்யியல் கேள்விகள் கிடக்கின்றன. மனிதனின் மதிப்பு அவன் செய்வதில் இருக்கிறதா, அவன் இருப்பதிலேயே இருக்கிறதா என்பது முதலாவது. இன்னொருவரின் அன்றாட வாழ்வுக்குள் நுழைந்து அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு, அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது. முதல் கேள்வி அந்தத் துறையின் வளர்ச்சியையும் இரண்டாவது அதன் ஒழுங்குமுறையையும் தொடுகிறது. செயலையும் சும்மா இருத்தலையும் ஆழ்ந்து சிந்தித்த ஊர் திருவண்ணாமலை. ஆகவே இரண்டு கேள்விகளுக்கும் அங்கிருந்து விடை தேடுவது பொருத்தமானது.

துறையின் நம்பிக்கை

தொழில்வழிச் சிகிச்சை தனித் துறையாக அமைப்பு பெற்றது 1917 மார்ச்சில். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி அதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஒரு மெய்யியலைத் தந்தது. வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் தாளம் குலைவதை அவர் மனநோயோடு சேர்த்துப் பார்த்தார். அந்தத் தாளத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் மீட்க முடியும் என்பது அவர் கருத்து. மேரி ரெய்லி 1961இல் ஆற்றிய சொற்பொழிவில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனமும் விருப்பமும் இயக்கும் கைகளால் மனிதன் தன் உடல்நலத்தையே மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அவர் துறையின் மூல நம்பிக்கையாக முன்வைத்தார்.

இந்த நம்பிக்கை பெரிய விடுதலையைத் தந்தது. நோயாளி படுக்கையில் கிடந்து மருந்தை ஏற்றுக்கொள்பவர் மட்டும் அல்லர், தன் குணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்பவர் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அதற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. செயலே மனிதனை ஆக்குகிறது என்றால், எதையும் செய்ய முடியாதவர் யார்? மறதிநோய் முற்றிய தாயும், கழுத்துக்குக் கீழே உணர்வற்றுப் போன இளைஞனும் அந்தக் கணக்கில் எங்கே நிற்பார்கள்? இந்த இடைவெளியைத் துறையே உணர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஆன் வில்காக் 1998இல் செய்தல், இருத்தல், ஆதல் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசினார். அந்த மூன்றில் ‘இருத்தல்’ என்பதன் முழுப் பொருளை ஆராயத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பாதாள லிங்கமும் அடுக்களையும்

ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. சில நாட்களில் அருணாசலேசுவரர் கோயிலின் பாதாள லிங்க அறைக்குள் போய் அமர்ந்துவிட்டார். பூச்சிகள் தொடையை அரித்ததும் அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி அவரைக் கண்டு காத்தார். அந்தக் காலத்தில் சில வேளைகளில் உணவையும் பிறர்தான் வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. இன்றைய மருத்துவமனை அளவுகோல்களில் ஒன்றான பார்த்தெல் குறியீட்டைக் கொண்டு அவரை அளந்திருந்தால் மிகக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். ஆனால் அந்த இளைஞனிடம் எதுவும் குறைவதாக ஊர் நினைக்கவில்லை. அந்த இருப்பின் முன் மக்கள் வணங்கி நின்றார்கள்.

அதே மனிதர் பின்னாளில் ரமணாசிரம அடுக்களையில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார். தேங்காய் ஓடுகளைத் தேய்த்துக் கிண்ணங்கள் செய்தார். இலை தைத்தார், புத்தகம் கட்டினார், கிழிந்த கோவணத்தை முள்ளையே ஊசியாக்கித் தைத்துக்கொண்டார். முள்நிறைந்த ஒரு கிளையைப் பொறுமையாகச் சீவி வழுவழுப்பாக்கி, கைத்தடியை இழந்து அழுத ஆட்டிடையச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டதை அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1927இல் தம் அடியார் முருகனாரின் வேண்டுகோளுக்கிணங்க ரமணர் எழுதிய உபதேச உந்தியார் முப்பது பாடல்கள் கொண்டது. அது தொடங்குவதே வினையைப் பற்றிய ஆராய்ச்சியில்தான். செயல் தடையாவதில்லை, ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணமே தடையாகிறது என்பது அவர் போதனையின் சாரம்.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விடை தெளிகிறது. எதுவும் செய்யாமல் கிடந்தபோது அவருடைய மதிப்பு குறையவில்லை. காய் நறுக்கியபோது கூடவும் இல்லை. இருத்தல் செயலைச் சார்ந்திருக்கவில்லை, ஆனால் செயல் இருத்தலிலிருந்து இயல்பாக வழிந்தது. தொழில்வழிச் சிகிச்சை தன் மூல நம்பிக்கையை இவ்வாறு திருத்திக்கொள்ளலாம். செயல் மனிதனுக்கு மதிப்பைத் தருவதில்லை. ஏற்கெனவே உள்ள மதிப்பு வெளிப்படச் செயல் வழி தருகிறது. இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட சிகிச்சையாளர் நடமாட முடியாத நோயாளியின் முன் தோற்றுப்போனவராக நிற்கமாட்டார். நோயாளியின் தலையணையைச் சரியான கோணத்தில் வைப்பதும், விரல்கள் மடங்கி இறுகாமல் துணிச்சுருள் வைப்பதும், ஊட்டும்போது அவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் முழுமையான சிகிச்சையே.

சும்மா இருத்தல் என்ற தத்துவத்தைச் சோம்பலுக்கும் புறக்கணிப்புக்கும் சாக்காகவும் திரிக்க முடியும். ‘அவர் பாட்டுக்குக் கிடக்கட்டும்’ என்று முதியவரை ஒரு மூலையில் விட்டுவிடும் வீட்டுக்கு அது நல்ல சாக்கு. சும்மா இருக்குமாறு முருகனிடம் உபதேசம் பெற்றவராக மரபு போற்றும் அருணகிரிநாதரின் வாழ்வே அந்தத் திரிபுக்கு மறுப்பு. நோயாலும் வெறுப்பாலும் நொந்து அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள மகாராஜன் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கினான் என்று மரபு சொல்கிறது. கதை அதோடு முடிவதில்லை. காப்பாற்றிய முருகன் அவரைப் பாடச் சொல்கிறான். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்கள் கிடைக்கின்றன. உயிரைத் திருப்பித் தந்தவன் அந்த உயிருக்கு ஒரு செயலையும் தந்தான்.

தனு, கரணம், புவனம், போகம்

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு கட்டமைப்பையும் தருகிறது. உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்பட இறைவன் கருணையால் நான்கைக் கொடுக்கிறான். தனு என்பது உடல். கரணம் என்பது மனம், புத்தி முதலான கருவிகள். புவனம் என்பது வாழும் உலகம். போகம் என்பது அங்கே நுகரப்படும் பொருள்களும் அனுபவங்களும். கனடாவின் மேரி லாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1996இல் வகுத்த மாதிரி ஆள், சூழல், செயல் ஆகிய மூன்றும் பொருந்தும் அளவுக்கே ஒருவரின் இயக்கம் அமையும் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று வீடுபேற்றை நோக்கியது, மற்றொன்று அன்றாட வாழ்வை நோக்கியது. ஆயினும் உடலை மட்டும் பார்த்து மனிதனைப் புரிந்துகொள்ள முடியாது என்பதில் இரண்டும் சேர்கின்றன.

பூக்கட்டி விற்கும் பெண் ஒருவருக்குப் பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். தசையின் வலிமையைக் கூட்டுவது தனுவைப் பற்றியது. எந்தப் பூவை எந்த வரிசையில் வைப்பது, எத்தனை முழம் ஆயிற்று என்று கவனத்தில் வைத்திருப்பது கரணத்தைப் பற்றியது. தரையில் அமரும் இடத்தை மணையாக உயர்த்துவதும், நாரின் ஒரு முனையை இறுகப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வியைப் பொருத்துவதும் புவனத்தைப் பற்றியவை. கோயில் வாசலில் தன் பழைய இடத்தில் மறுபடி உட்கார்ந்து, தெரிந்த முகங்களோடு பேசி, சாமிக்குப் போகும் மாலையைத் தன் கையால் கட்டுவது போகம். முதல் மூன்றையும் சரிசெய்து நான்காவதைக் கேட்க மறந்த சிகிச்சை பாதியில் நின்றதாகும். அந்தப் பெண்ணுக்கு உண்மையில் வேண்டியிருந்தது அந்த நான்காவதுதான்.

செயலைச் சித்தாந்தம் தாழ்த்துவதும் இல்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் ஆகிய நான்கு நெறிகளில் முதலாவது உடலால் செய்யும் தொண்டு. கோயில் வாசலைக் கூட்டுவது, மெழுகுவது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் சரியையில் அடங்கும். சூலை நோய் தீர்ந்த திருநாவுக்கரசர் உழவாரப் படையை ஏந்தி ஊர் ஊராகக் கோயில்களின் புல்லைச் செதுக்கினார். குணமானவர் கையில் கருவி வந்த கதை அது.

வேலூரின் பாடம்

இந்தியாவில் இந்தத் துறையின் முறையான கல்வி தொடங்கியது 1950இல், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அந்தப் பள்ளியை நிறுவினார். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்றுதான் ரமணர் மறைந்தார். 1952இல் அகில இந்திய தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவானது. அதே ஆண்டு தோன்றிய தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று.

திருவண்ணாமலைக்கு அருகில் இந்தச் சிந்தனை நடைமுறையான இடம் வேலூர். 1989 வரை இரண்டும் ஒரே வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல்கள் தேய்வதற்குக் காரணம் சதை அழுகுவது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் படும் காயங்களும் தீப்புண்களுமே காரணம் என்று அவர் கண்டார். அடுத்து வந்த சிக்கல் மருத்துவத்துக்குள் அடங்காதது. நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. முன்பு கிடைத்த பிச்சையும் குறைந்தது. கையைத் திருத்திவிட்டு வாழ்க்கையைத் திருத்தாமல் விட்டால் அது சிகிச்சை ஆகாது என்ற உணர்விலிருந்து நவஜீவ நிலையம் பிறந்தது. அங்கே நோயாளிகள் தச்சு முதலிய கைத்தொழில்களைக் கற்று, உணர்வற்ற கையைக் கண்ணால் காத்துக்கொண்டு வேலை செய்யப் பழகினார்கள்.

அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் விளைவு. சிகிச்சை தருபவர், பெறுபவர் என்ற பிரிவு நிலையானது அல்ல என்பதை அவர் வாழ்வு காட்டியது. தொழில் ஒழுக்கத்தின் அடிப்படையும் அதுவே. இன்று கட்டிலின் அருகே நிற்பவர் நாளை கட்டிலில் படுத்திருக்கலாம்.

அதிகாரமும் பதிவேடும்

இனி இரண்டாவது கேள்வி. சைவ மரபில் பிறருக்காகப் பூசை செய்யவோ, தீட்சை தரவோ ஒருவர் ‘அதிகாரம்’ பெற்றிருக்க வேண்டும். சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை, ஆசாரிய அபிடேகம் எனப் படிகள் உண்டு. அதிகாரம் என்ற சொல்லுக்கு இன்று ஆணையிடும் பலம் என்று பொருள் கொள்கிறோம். மரபில் அதன் முதல் பொருள் தகுதி. அந்தத் தகுதியோடு சேர்ந்து வரும் கடமையும் அதில் அடங்கும். நம்பி வருபவருக்குத் தன் குருவின் தகுதியை அளக்க வழியில்லை. ஆகவே மரபே அவருக்காக அளந்து வைத்தது.

தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் நியாயமும் இதுதான். பேச்சிழந்த முதியவரோ, ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயோ சிகிச்சையாளரின் அறிவைச் சோதித்துப் பார்க்க முடியாது. அவர்கள் சார்பில் சமூகம் சோதிக்க வேண்டும். இந்தியாவில் இது நெடுங்காலம் முழுமை பெறவில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர், செயற்கைக் கால் வடிவமைப்பவர், சிறப்பாசிரியர் முதலியோரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. டெல்லி 1997இலும் மகாராஷ்டிரம் 2002இலும் தத்தம் மாநிலச் சட்டங்களை இயற்றின. நாடு முழுவதற்குமான சட்டம் 2021இல்தான் வந்தது. தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் பத்துப் பிரிவுகளில் ஒன்றாகத் தொழில்வழிச் சிகிச்சையைத் தனியே அங்கீகரித்தது. மத்தியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு, மாநில மன்றங்கள், கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் தனி வாரியங்கள் என்று அது வகுத்தது. சுகாதாரத் தொழில்முறையினர் எனப்படுவோருக்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வி வேண்டும் என்றும் வரையறுத்தது. உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரம் மாணவருக்கு 1,000 மணி நேரக் களப்பயிற்சியைக் கேட்கிறது.

இவை தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. சட்டம் தகுதியற்றவரை வாசலில் நிறுத்தும். தவறு செய்தவரைத் தண்டிக்கும். பதிவேட்டில் பெயருள்ளவர் நோயாளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா என்பதை அது அறியாது. தீட்சை பெற்றவரெல்லாம் ஞானி ஆவதில்லை என்பதை மரபும் அறிந்திருந்தது. அதனால்தான் தீட்சைக்குப் பின் அன்றாட அனுட்டானத்தை வலியுறுத்தியது. தொழிலில் அதற்கு இணையானது தொடர் கற்றல். புதிய ஆய்வுகளைப் படிப்பது, தன் சிகிச்சையின் பலனை நேர்மையாக அளப்பது, மூத்தவரிடம் தன் தவறைச் சொல்வது, நாள் முடிவில் தன் செயலைத் தானே விசாரிப்பது எல்லாம் அதில் அடங்கும். பதிவு ஒரு நாளில் முடிந்துவிடும், அனுட்டானம் முடிவதில்லை.

யாருடைய அளவுகோல்?

தொழில் வளர்ச்சி என்பது பிற நாட்டு முறைகளை விரைந்து கற்பது மட்டும் ஆகாது. 1965இல் வெளியான பார்த்தெல் குறியீடு உண்ணுதல், குளித்தல், உடுத்தல், படியேறுதல் உள்ளிட்ட பத்துச் செயல்களை அளக்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது அதில் இல்லை. பந்தியில் உட்காரவும், பூசையில் அமரவும், குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் அது இன்றியமையாதது. கரண்டியைப் பிடிப்பதும் ஐந்து விரலைக் கூட்டிச் சோற்றை உருட்டுவதும் வேறு வேறு கைத்திறன்கள். கோலப்பொடி ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இழையாக வழிய, இடுப்பு வளைந்து உடல் பின்னோக்கி நகர, புள்ளிகளின் கணக்கு மனதில் நிற்க வேண்டும். விரல், இடுப்பு, கவனம் மூன்றையும் ஒருங்கே பயிற்றும் இதைவிடச் சிறந்த பயிற்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கிரிவலமும் அப்படித்தான். 14 கிலோமீட்டர் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. நடையைப் பகுதிகளாகப் பிரிப்பது இந்தத் துறையின் அடிப்படை உத்தி. இங்கே பாதையே பிரிந்து நிற்கிறது. மாரடைப்பிலிருந்தோ முழங்கால் அறுவையிலிருந்தோ மீண்டவர் ஒரு லிங்கம்வரை நடப்பதை முதல் இலக்காக வைக்கலாம். பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளின் விடிகாலையைத் தேர்ந்தெடுக்கலாம். நடக்கவே முடியாதவருக்குச் சக்கர நாற்காலி வலம் குறைந்த வலம் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களை அவர்கள் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. வழிபாட்டு இடங்கள் அதை அருளின் கடமையாகவும் ஏற்கலாம்.

‘தானாகச் செய்துகொள்ளுதல்’ என்ற இலக்கையும் ஆராய வேண்டும். தாய்க்கு மகள் சோறூட்டுவதைச் சார்புநிலை என்று மதிப்பெண் குறைக்கும் முறை, அங்கே நடக்கும் அன்பைக் காணவில்லை. ஜப்பானிய வேர் கொண்ட மைக்கேல் இவாமா 2006இல் விரிவாக முன்வைத்த கவா மாதிரி வாழ்வை ஓர் ஆறாகக் காண்கிறது; தனிமனிதனை நடுவில் நிறுத்தும் பார்வையை அது கேள்வி கேட்டது. தமிழ்ச் சூழலும் தன் கேள்வியைக் கேட்கலாம். ஆனால் அன்பின் பெயரால் எல்லாவற்றையும் பிறரே செய்து ஒருவரைச் செயலற்றவராக்குவதும் தவறே. எதைத் தானே செய்ய விரும்புகிறார், எதைப் பிறர் கையால் பெற விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்பது நேர்வழி.

வினை என்ற விளக்கம்

சிகிச்சையாளர் அடிக்கடி கேட்கும் சொல், ‘எல்லாம் விதி’. சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. குவிந்து கிடப்பது முதலாவது. இப்போது அனுபவத்துக்கு வந்திருப்பது இரண்டாவது. இனிச் செய்யும் செயலால் ஏறுவது மூன்றாவது. நோய் பிராரத்தம் என்று ஒருவர் கொண்டாலும், அதை எதிர்கொள்ளும் விதம் ஆகாமியத்தின் களம். அங்கே முயற்சிக்கு முழு இடம் உண்டு. வினைக் கொள்கை தன் துன்பத்தைத் தான் புரிந்துகொள்ள உதவும் விளக்கு. பிறர் துன்பத்துக்கு அவர்மேலேயே பழிபோடும் கோல் அல்ல. பிறர் துன்பத்தின் முன் மரபு கேட்பது அருளை. தனுவும் கரணமும் அருளால் தரப்பட்டவை என்றால், தளர்ந்த கைக்குப் பொருத்தும் தாங்கியும் சுவரில் பதிக்கும் கைப்பிடியும் அந்த அருள் தொடரும் வழிகள்.

இங்கே செய்பவன் என்ற எண்ணத்தைப் பற்றிய ரமணரின் போதனை சிகிச்சையாளரையும் நோக்கித் திரும்புகிறது. நோயாளி எழுந்து நடந்தால் ‘நான் நடக்க வைத்தேன்’ என்று கொள்பவர், அடுத்தவர் நடக்காதபோது சோர்வார். சில வேளை நோயாளியையே குறைகூறுவார். உழைப்பை முழுதாகக் கொடுத்து, பலனின் உரிமையை விட்டுவிடுபவர் இரண்டு நிலையிலும் ஒரே கவனத்தோடு இருக்க முடியும். பலனை அளப்பதற்கு இது தடை அல்ல. தன்னைக் காத்துக்கொள்ளும் தேவை இல்லாதவரால்தான் தோல்வியை உள்ளபடி எழுதிவைக்க முடியும்.

ஆக, செயல் மனிதனின் மதிப்புக்குக் காரணம் அல்ல, அந்த மதிப்பு வெளிப்படும் வழி. சிகிச்சையாளரின் உரிமை தகுதியிலிருந்து வருகிறது. அந்தத் தகுதியைப் பதிவேடு தொடங்கி வைக்கிறது, அன்றாட அனுட்டானம் காத்து வருகிறது. எந்தச் செயல் பொருளுடையது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் சட்டத்திடமும் இல்லை, சிகிச்சையாளரிடமும் இல்லை. மாலை கட்ட வேண்டுமா, மலையை வலம் வர வேண்டுமா, கண்மூடி அமர்ந்திருக்க வேண்டுமா என்பதை அந்த வாழ்வை வாழ்பவரே சொல்ல வேண்டும்.